நிறுத்தச் சொன்ன கைக்கு வணக்கம்

போலீஸ்காரர் கையை உயர்த்தினால் வண்டி ஓட்டுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் வருகிறவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, இடது பக்க விளக்கைப் போட்டு, அவர் காட்டுகிற இடத்தில் ஒதுங்கி நின்று எஞ்சினை அணைக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, கைகளை ஸ்டீயரிங் மேலேயே வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததற்குச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். இதைச் செய்ய நம் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. வண்டி நிற்பதற்கு முன்பே போனை எடுத்துக் கட்சிக்காரரைக் கூப்பிடுகிறவன் இருக்கிறான். இறங்கி ஓடிப்போய்க் கும்பிடுகிறவனும் இருக்கிறான். சந்து கண்ட இடத்தில் திருப்பிக்கொண்டு பறக்கிறவன், எந்தக் குற்றமும் செய்யாதவனாகவே பெரும்பாலும் இருப்பான்.

இத்தனை தெரிந்த எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. உரிமம் கொடுக்கிற அலுவலகத்திலேயே ஆயுசைக் கழித்தவனிடம் உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

ஆகவே சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக எனக்கு டவுன் பஸ்ஸை விட்டால் எதிர்வீட்டு வாத்தியாரின் கார்தான். அவர் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மகன் கனடாவில். அழைத்துப் போக வாத்தியாரும் அந்தப் பழைய காரும்தான். ஒரு நாள் தவறினாலும் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தேங்கி அந்த அம்மாவுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டும். அந்த நாட்களில் முன் இருக்கையில் நான் ஓசிப் பயணி. வங்கி, நூலகம், பழைய அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை என்று எனக்கும் போக்கிடங்கள் உண்டு.

அம்மா பின் இருக்கையில் தலையணையில் சாய்ந்து வருவார். உடம்பு ஓய்ந்திருந்தாலும் வாய் ஓயாது.

“மேடு வருது, பைய.”

“இடது பக்கம் ஆடு நிக்கி.”

“எதுக்க பஸ்ஸு வாரான், ஒதுங்குங்க.”

“எல்லாம் தெரியுதுட்டி, நீ பேசாம வா” என்பார் வாத்தியார். ஆனாலும் ஒதுங்குவார். கார் உள்ள வீடுகளில் எல்லாம் நடக்கிற பின்னிருக்கை நிர்வாகம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு நாள் கூடுதல் என்பதால் செவ்வாய் எப்போதும் மோசம். அம்மாவுக்கு முகம் உப்பியிருந்தது. கார் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். இன்றைக்காவது அமைதியாகப் போகலாம் என்று நினைத்தேன்.

பாளையங்கோட்டைக்குச் சற்று முன்னால் சாலையில் இரும்புத் தடுப்பு வைத்து வாகனச் சோதனை. காக்கி உடுப்பில் ஓர் உதவி ஆய்வாளர் எங்கள் காரைப் பார்த்து உள்ளங்கை தெரியக் கையை உயர்த்தினார். வாத்தியார் வேகத்தைக் குறைத்தார். முறைப்படிதான் நடக்கிறது என்று நான் திருப்திப்பட்டேன். அடுத்த கணம் வாத்தியாரின் முகம் மலர்ந்தது. தானும் வலது கையை உயர்த்தி, நன்றாயிரு என்பதுபோல் லேசாக ஆட்டிவிட்டு, தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

“என்ன வே, அவரு நிறுத்தச் சொல்லுதாரு, நீரு பாட்டுக்குப் போறீரு?”

“நம்ம பய வே. நம்மகிட்ட படிச்சவன். வணக்கம் வைக்கான். காக்கி போட்ட பெறகும் மறக்கல பாத்தீரா?”

பாளையங்கோட்டையில் வேலை பார்த்த வாத்தியார்களுக்கு இப்படி ஒரு நோய் உண்டு. வழியில் கை தூக்குகிறவன் எல்லாம் அவர்களிடம் படித்தவன். பஸ் நடத்துநர், கோர்ட் குமாஸ்தா, கறிக்கடைக்காரர் என்று யாராவது தினமும் தூக்கவும் செய்வார்கள். நோய் முற்றுவதற்கு அது போதும்.

பின்னால் விசில் கேட்டது. “நிறுத்தும்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் முந்திவந்து குறுக்கே நின்றது. ஓட்டி வந்தவர் ஓர் இளம் காவலர். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அதே உதவி ஆய்வாளர். கார் குலுங்கி நின்றதில் அம்மா கண் விழித்தார்.

“ஏன்யா, கை காட்டுதோம், நீரு டாட்டா காட்டிட்டுப் போறீரு? உம்ம வழியனுப்பவா நாங்க வெயில்ல நிக்கோம்?” என்றார் காவலர்.

வாத்தியார் அவரையும் அன்போடு பார்த்தார். “நீ எந்த வருசம் பத்தாப்பு முடிச்ச?”

“நான் படிச்சது நாங்குநேரி. நீரு யாருன்னே எனக்குத் தெரியாது. வண்டிய ஆஃப் பண்ணும்.”

வண்டியில் நோயாளி இருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். உதவி ஆய்வாளர் குனிந்து பின் இருக்கையைப் பார்த்தார். வீங்கிய கால்களையும், ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கையையும் பார்த்தார். குரல் தணிந்தது. அவர் மதுரைப் பக்கத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. உரிமம், காப்பீடு, பதிவுச் சான்று எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. குறை வராமல் பார்த்துக்கொண்டவன் நான்.

“பேப்பர்லாம் கரெக்டா இருக்கு சார்” என்று திருப்பிக் கொடுத்தார். “ஆனா நான் உங்ககிட்ட படிக்கல. நான் கை காட்டினப்ப என் முகம் உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?”

“தெரியாம என்ன?”

“அந்தா, அந்தக் கடை போர்டுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க பாப்போம்.”

சாலையோரம் ஓர் உரக்கடை. பச்சை எழுத்தில் ஆள் உயரத்துக்குப் பலகை. வாத்தியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“வெயிலு மூஞ்சில அடிக்குதுலா.”

வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அப்போது பின் இருக்கையிலிருந்து அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். “உரக்கடைன்னு போட்டிருக்கு. சொல்லுங்க.”

உதவி ஆய்வாளர் பின்பக்கம் வந்து நின்றார்.

“தினமும் நீங்கதான் சொல்லிக்கிட்டு வருவீங்களாம்மா?”

“எப்பமும் சொல்லிருவேன் சார். ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. இன்னைக்குத்தான் கண்ணசந்துட்டேன்.” குற்றம் தன்னுடையது என்பதுபோல் சொன்னார். “இவுக மேல கேஸ் எதுவும் போட்டுராதீக.”

மேடு, ஆடு, எதிரே வரும் பஸ். ஒரு வருஷமாக நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உரிமம் முன் இருக்கையிலும் பார்வை பின் இருக்கையிலுமாக ஒரு கார் ஓடலாம் என்று எந்த விதியும் எதிர்பார்த்து எழுதப்படவில்லை.

உதவி ஆய்வாளர் என்னிடம் திரும்பினார். “சார், நீங்க வண்டி ஓட்டுவீங்களா?”

“தெரியாது.”

“எங்க வேலை பாத்தீங்க?”

“ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல.”

காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். உதவி ஆய்வாளர் சிரிக்கவில்லை. காவலரையே எங்கள் காரை ஆஸ்பத்திரி வரை ஓட்டச் சொன்னார். வாத்தியார் இறங்கிச் சுற்றிவந்து என் இடத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில்.

“அபராதம் போடல சார்” என்றார் உதவி ஆய்வாளர், வாத்தியாரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. “ஆனா இனிமே இந்த ரோட்டுல நீங்க ஓட்டி நான் பாக்கக் கூடாது. அம்மாவுக்காகவும்தான் சொல்றேன்.”

அவர் செய்தது சரி. சட்டப்படியும் சரி, சட்டத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாலும் சரி. அதனால் திட்டுவதற்கும் எங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

பிறகு காட்டியபோது கண் மருத்துவர், உள்ளே அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை வராது என்று சொன்னார். அடுத்த வாரமே உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். கண் சோதனைச் சான்றிதழ் வேண்டும்.

“உமக்குத் தெரிஞ்ச டாக்டர் யாரும் உண்டுமா வே? பாக்காம கையெழுத்துப் போடுதவரு?”

“உண்டு. நான் கேக்க மாட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. “அப்பம் அவ எப்படிப் போவா? அதுக்கு ஒரு வழி சொல்லும். உமக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

சம்பளத்துக்கு ஒரு டிரைவர் பார்க்கலாம் என்றேன்.

ஒரு டிரைவர் சில வாரங்கள் வந்தான். நிரந்தர வேலை கிடைத்ததும் தூத்துக்குடிக்குப் போய்விட்டான். ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். திரும்பும் நேரத்துக்கு வேறு சவாரியில் இருப்பார். டயாலிசிஸ் முடிந்தால் அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் டவுன் பஸ்ஸுக்கு நின்று ஒரு நாள் நிறுத்தத்திலேயே மடங்கி விழுந்தார். வாத்தியாருக்கு அவர் விழுந்தது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரி சத்தம் போட்டுத்தான் குனிந்தாராம்.

அன்று மாலை பார்க்கப் போன என்னிடம் அம்மாவே முடிவைச் சொல்லிவிட்டார். “செவ்வாயும் சனியும் போதும், அண்ணாச்சி. வியாழக்கிழமை வேண்டாம். தண்ணியக் கொறச்சுக்கிடுதேன்.”

டாக்டர் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். கனடா மகன் போனில் சத்தம் போட்டிருக்கிறான். நானும் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். இப்போது வியாழக்கிழமைகளில் அந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போவதில்லை. காலையில் வாத்தியார் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறார். இருட்டும் வரை அம்மா அதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.