கயிறு கட்டாமல் உசிலம்பட்டி வரை

காலை 7.10. மதுரை காளவாசலில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். உசிலம்பட்டி நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இந்த ஷெவல், பழைய அமெரிக்கக் கார், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் ஓடும். வண்டி என் நண்பன் செல்லப்பாண்டியுடையது. பின் சீட்டில் அவன் மனைவி ராசாத்தி. அமெரிக்காவில் இது நடுத்தரக் காராம். நம் காளவாசலில் லாரிக்குத் தம்பி.

அறுபதுகளில் அங்கே இந்த மாதிரி கார்களில் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். விலையும் கட்டுப்படியானது, வேகமும் கிடைத்தது. மசில் கார் என்று இளவட்டங்கள் மொய்த்தார்கள். நம் ஊரில் நடந்தது தலைகீழ். பெட்ரோல் செலவுக்குப் பயந்து எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். செல்லப்பாண்டி ஆறு வருடம் அலைந்து எட்டு சிலிண்டரைத் திரும்பவும் மாட்டினான். அதன்பிறகு மூன்று முறை வண்டி வழியில் சூடேறி நின்று, கயிறு கட்டி இழுத்துத்தான் வீடு வந்தது. இன்னொரு முறை கயிறு கட்டினால், வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த சென்னைக்காரருக்கு விற்றுவிட வேண்டும் என்று ராசாத்தி கறாராகச் சொல்லிவிட்டாள். அவனும் தலையாட்டியிருந்தான்.

7.45. செக்கானூரணிக்கு முன்பே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டினோம். மினி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, கட்டி இழுத்துப் போகட்டுமா என்று கேட்டார். செல்லப்பாண்டி ஒரே வார்த்தையில் அவரை அனுப்பிவிட்டான். பெல்ட், ஃபேன், தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்தோம். பழுது எதுவும் இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவனோ மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.

ராசாத்தி இறங்கி வண்டியின் முன்னால் வந்து நின்றாள். பிறந்த வீட்டுக்குப் போகிற வண்டி வெறும் மூஞ்சியோடு போகக்கூடாது என்று விடியற்காலையில் அவளே கட்டிய செவ்வந்தி மாலை, மூன்று அடுக்காக, கிரில்லை முழுசாக மூடியிருந்தது. ரேடியேட்டருக்குக் காற்று போக வழியே இல்லை. கார் தெரிந்த நாங்கள் இருவரும் அதை அழகு பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

"ஏங்க, போன மூணு தடவையும் விசேசத்துக்குத்தான போனோம்? மூணு தடவையும் நாந்தான மாலை போட்டேன்?" என்றாள்.

அவளே மாலையை அவிழ்த்தாள்.

அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். கருமாத்தூர் தாண்டி அவன் மிதித்த மிதியில் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சூடு காட்டும் முள் அசையவே இல்லை.

9.05. உசிலம்பட்டி. வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ராசாத்தி கொஞ்சம் தள்ளிப் போய்ச் சென்னைக்காரருக்குப் போன் போட்டாள்.

"வண்டி குடுக்கலண்ணே. ரிப்பேரு எங்கிட்டதான் இருந்துச்சு."