கோல் போட்டவனுக்கு ஒரு தட்டு

அக்கா வீட்டு அலுமாரியில் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று இருக்கிறது. வீட்டார் யாரும் அதில் சாப்பிடுவதில்லை. ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையான ஒரு லயத்து வீட்டில், அக்காவின் கணவரான என் மச்சான் போட்டு வைத்த சட்டம் அது.

மச்சான் எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வேறு தோட்டத்து அணி ஆட வந்தால், ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஒருவராக அவர்களைச் சாப்பிடக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். மச்சான் மட்டும் தன்னைத் தாண்டிக் கோல் போட்டவனைத்தான் அழைத்துப் போவார். அக்கா அந்தத் தட்டில் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றுவாள். "நல்லா சாப்புடுங்க தம்பி, ஒங்களால எனக்கு ஒரு வாரத்துக்குத் தூக்கம் இல்ல" என்பார் மச்சான். வந்தவன் வெட்கத்தில் தலை நிமிராமல் சாப்பிடுவான். யாரும் கோல் போடாத நாளில் குழம்பு முழுக்க எங்களுக்குத்தான், ஆனாலும் அன்றைக்கு மச்சானுக்குச் சோறு இறங்காது.

எங்கள் மைதானத்தை மைதானம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு பக்கம் சரிவு, பந்து தப்பினால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். பாதிப்பேருக்கு வெறுங்கால். நான் பதுளையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு அணிக்குச் செயலாளராகவும் இருந்தேன். அந்தப் பதவியில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பதுளையில் லொறிகள் ஓட்டிய முதலாளி ஒருவர் சுற்றுப்போட்டி நடத்த முன்வந்தார். சப்பாத்து, ஜெர்சி, ஒலிபெருக்கி எல்லாம் அவர் செலவு. புதுச் சப்பாத்தின் வாசனையில் நான் மயங்கித்தான் போனேன். நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்ததும், கொழும்பிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவரும் மூன்று பேர் எங்கள் பக்கம் ஆட வேண்டும் என்றார். அவர்களில் ஒருவன் கோல்கீப்பர். நான் தலையாட்டினேன். மச்சானின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், ஆடுவோர் பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டு நழுவிவிட்டேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

அன்று மச்சான் மேட்டில் பெண்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். கையுறையைக் கழற்றவே இல்லை. இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். முதலாளி கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். மச்சான் நேராக, எங்களுக்கு எதிராக அந்த ஒரு கோலைப் போட்டவனிடம் போனார். அவனும் எதிரணிக்குக் காசுக்கு ஆட வந்தவன்.

"தம்பி, வீட்டுல ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

"இல்லண்ணே, வேன் நிக்குது. நாளைக்கு வேற எடத்துல மெட்ச்."

வேன் திருப்பத்தில் மறையும் வரை மச்சான் அங்கேயே நின்றார். பிறகு என்னிடம் வந்து, "வா, சோறு ஆறிப்போகுது" என்றார். வீட்டில் வழக்கமாக எனக்கு வைக்கும் சில்வர் தட்டை அக்கா எடுத்தாள். மச்சான் அதை வாங்கி வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து நீலப் பூத் தட்டை என் முன்னால் வைத்தார். குனிந்து சாப்பிட்டேன். அதன்பிறகு அவர் கையுறை போட்டதே இல்லை.

முதலாளி இரண்டே வருடத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார். வெறுங்காலில் ஆட யாருக்கும் மனம் வராமல் அணியும் கலைந்தது. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்காவின் பேரன் கைப்பேசியில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வீரன் எத்தனை கோடிக்கு விலைபோனான் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மச்சான் எட்டிப் பார்த்து, "இப்ப கோல் போட்டானே, அவனுக்கு எங்கடா சோறு?" என்று கேட்டார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அக்காவிடம் சில்வர் தட்டு கேட்கலாம் என்று ஒவ்வொரு முறையும் போலவே நினைத்தேன். அதற்குள் மச்சான் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார்.