பூசாத சுவருக்கு ஆள் தேடியது

வீட்டுப் புரோக்கர் தொழிலில் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். பேசிப் பேசி வாய் உலர்ந்தவன் சொல்கிறேன்: எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் போதும். வீடு விற்றவர்கள், வாங்கியவர்கள், வாடகைக்கு அலைந்தவர்கள் என்று என்னைப் போல அவதிப்பட்ட எல்லோரும் கொஞ்சம் காது கொடுங்கள். ஹட்டன் பழைய கடைவீதியில் ஒரே ஒரு மாடி வீட்டை விற்பதற்குள் எனக்குத் தலையே சுற்றிவிட்டது.

சாவி வாங்கிய அன்று

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கீழே புடவைக்கடை, நடுவில் ஒரு டியூஷன் வகுப்பு, உச்சியில் இந்த வீடு. சொந்தக்காரி வத்சலா மேடம் ஹட்டனில் பிறந்து கொழும்பில் கட்டட வரைபடம் போடுகிறவர். அப்பா விட்டுப்போன அந்த மாடியை மாதக்கணக்கில் பாடுபட்டுப் புதுப்பித்திருந்தார். சமையலறை பளபளவென்று இருந்தது. குளியலறையில் சுடுதண்ணீர் வந்தது. கூடத்துக்கு வந்தபோதுதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பூச்சே இல்லை, செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. மேலே பார்த்தால் மொட்டைத் தகரம்.

"பூச்சு வேலை எப்ப முடியும் மேடம்?" என்று பணிவாகத்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என் எதிரிக்கும் நான் விரும்ப மாட்டேன். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, இருந்த பூச்சச் சுரண்டி எடுக்கத்தான் இத்தன மாசம் ஆச்சு. இந்தச் செவுத்த மதிக்கிற ஆளுக்குத்தான் வீட்டக் குடுப்பேன்."

லெட்சுமி மிஸ்ஸியின் போன்

அதே வாரம் லெட்சுமி மிஸ்ஸி போன் செய்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதனால் எல்லோருக்கும் மிஸ்ஸி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அம்மா மாரியாயியோடு வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் இருக்கிறார். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவரை அந்தக் காம்பரா அவர்களுடையது. இப்போது வயதாகிவிட்டது, செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவில், பேரை வெட்டப் போகிறார்கள். வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யாததால், காம்பராவை வேலை செய்கிற குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டார் தோட்டத்துத் தொரை. மிஸ்ஸிக்கு பேங்க் லோன் சரியாகியிருந்தது, வீடுதான் சரியாகவில்லை.

என் கையில் இருந்ததோ இந்த ஒரு வீடு. அதைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மிஸ்ஸி சொன்னதைக் கேட்டு மூடிக்கொண்டேன்: "எப்புடிப்பட்ட வீடா இருந்தாலும் பரவால்லண்ணே. தகரமும் பூச்சு உதிர்ந்த செவுரும் மட்டும் வேணாம். அதுலருந்து தப்பிக்கத்தான் அம்மாவக் கூட்டிக்கிட்டு வாறேன்."

முதலில் வந்த முதலாளி

பொகவந்தலாவையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முதலாளி குடும்பத்தோடு வந்தார். மேடம் சொல்லிக்கொடுத்தபடி, சுவரின் முன்னால் நின்று பழமை, பாரம்பரியம் என்று ஒப்பித்தேன். முதலாளி சுவரைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவருடைய மனைவி என் பேச்சைக் கேட்கவே இல்லை, சேலை செங்கல்லில் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த முதலாளி என் தோளில் கை வைத்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "மேசன் பாஸ் பாதியில வுட்டுட்டு ஓடிட்டானா? எனக்கும் ஒருத்தன் அப்புடித்தான் செஞ்சான். முடிச்சப்புறம் சொல்லுங்க, வந்து பாக்குறோம்."

மண் கேட்டவர்

அடுத்து வந்தவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். படியிறங்கிக் கீழே போனார். கட்டடத்தைச் சுற்றி வந்தார். ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நானும் பின்னாலேயே குனிந்து தேடினேன்.

"என்ன ஐயா தேடுறீங்க?" என்றேன். "எனக்குண்டான மண்ணு எங்கன்னு பாக்குறேன்" என்றார். மாடி வீட்டில் நிலம் எல்லோருக்கும் பொது, பங்கு இருக்கிறது, ஆனால் பிரித்துக் காட்ட முடியாது என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே விளங்காமல் போயிற்று. அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னை வருத்தியது. குடையை விரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "பரம்பரையா அடுத்தவன் மண்ணுல நின்னுட்டோம் தம்பி. இப்ப சொந்தமா ஒன்னு வாங்கலாம்னு வந்தா, ஆகாயத்துல நிக்கச் சொல்றீங்களே."

சுவரை மதித்தவர்கள்

கடைசியில் கொழும்பிலிருந்து இளம் ஜோடி ஒன்று வந்தது. சுவரைக் கண்டதும் இருவரும் வாயில் கை வைத்தார்கள். சாய்ந்து நின்றும் உட்கார்ந்தும் படம் எடுத்தார்கள், என்னையும் எடுக்கச் சொன்னார்கள். மேடத்துக்குப் போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பிறகு அந்தப் பெண் ஜன்னலைத் திறந்தாள். எதிரே பேக்கரியின் பின்பக்கம், கரி படிந்த புகைக்குழாய். தேயிலை மலை எங்கே என்று கேட்டாள். ஹட்டன் டவுனுக்கு நடுவில் நின்றுகொண்டு தேயிலை மலையை எந்தப் பக்கம் காட்டுவது? அவள் முகம் வாடிப் போயிற்று. போகும்போது அந்தப் பையன் சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கேட்டான்: "அங்கிள், இதே மாதிரி சுவர் கொழும்புல எங்கயாவது இருக்கா?"

மாரியாயி தொட்டுப் பார்த்தது

இதற்குள் மாரியாயிக்குப் பேர் வெட்டியாகிவிட்டது. காம்பராவைக் கேட்டு ஆள் வரத் தொடங்கிவிட்டார்கள். மிஸ்ஸியின் குரல் போனில் அழுகைக்கு நெருக்கத்தில் இருந்தது. நடப்பது நடக்கட்டும் என்று, சுவரைப் பற்றி மூச்சு விடாமல், அம்மாவையும் மகளையும் வரச் சொன்னேன். அன்று பார்த்து மேடமும் கொழும்பிலிருந்து வந்து நின்றார். மேடத்துக்குச் சுவர் இருந்தாக வேண்டும், மிஸ்ஸிக்கு அந்தச் சுவரே ஆகாது. நடுவில் நான், யார் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் இருவரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

மிஸ்ஸி தகரத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். ஆனால் மாரியாயி சுவரிடம் போனார். செங்கல்லில் உள்ளங்கையை வைத்தார். விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே நடந்தார். "செவுரு கெட்டியான செவுரு தாயி. ஒரு கொற சொல்ல முடியாது. இந்த வீடே போதும்" என்றார். மிஸ்ஸி ஏதோ சொல்ல வந்தார், அம்மா அவர் கையை அமுக்கிவிட்டார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, இத்தன பேரு வந்தாங்க. செவுத்துக்குக் காது குடுத்த ஆளு இவங்க மட்டுந்தான். இவங்களுக்கே எழுதிருங்க."

பால் காய்ச்சிய அன்று

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிந்து, பால் காய்ச்ச நாள் குறித்து, மேடத்தையும் அழைத்திருந்தார்கள். புதுச் சமையலறையில் இருந்தது தீ இல்லாத கரண்ட் அடுப்பு. பால் பொங்கி வழிந்ததும் அது கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துபோனது. சகுனம் நல்லதா கெட்டதா என்று உறவுக்காரர்கள் குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில் மேடம் வந்தார். கையில் ஒரு பெட்டி. சுவரின் மேல் வெளிச்சம் விழும்படி மாட்டுகிற விளக்காம், அதற்கென்றே தேடி வாங்கியது.

கூடத்துக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். செங்கல் இல்லை. சுவர் முழுக்க வழுவழுவென்று சிமெந்துப் பூச்சு, அதன்மேல் பளிச்சென்று இளநீலப் பெயின்ட். தகரத்துக்குக் கீழே வெள்ளைப் பலகை அடித்திருந்தது. சுவரின் நடுவில் மாலை போட்ட மாரியம்மன் படம். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

மாரியாயி ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதியில நின்னுபோன வேலையப் பாத்துப் பாத்து ஒம் மனசு எம்புட்டு அடிச்சிருக்கும். எனக்குத் தெரியும் தாயி. எங்க காம்பராவுல பூச்சு உதிர்ந்தப்ப நான் கொமரி. பூசித் தாரோம், பூசித் தாரோம்னு எத்தன தொரைமாரு சொன்னாங்க. காலண்டர ஒட்டி ஒட்டியே காலத்த ஓட்டிட்டேன். அன்னைக்கு ஒஞ் செவுத்தத் தட்டிப் பாத்தேன், பூச்சு நல்லாப் புடிக்கும்னு தெரிஞ்சுச்சு. எங்க அண்ணன் மகந்தான் மேசன் பாஸ். ஒன்னால முடியாம போனத நாங்க முடிச்சுட்டோம். இனி நீ கவலப்படாத."

மேடம் நீலச் சுவரைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய உதடு கோபத்தில் துடித்ததா, அழுகையிலா, சிரிப்பிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிறகு பெட்டியைத் திறந்து விளக்கை எடுத்து மாரியாயியிடம் நீட்டினார்: "அம்மன் படத்துக்கு மேல மாட்டுங்கம்மா. வெளிச்சம் செவுரு பூரா விழணும்."

அந்தச் சுவரை உண்மையில் மதித்தது யார் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான், ஆனால் வாயை மூடிக்கொண்டு அதை விற்றது நான்தான் என்பதில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை.