மேற்கண்

மொட்டைக் கடுதாசியை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்தும் முகவரியும் இல்லாத மனுவின் மீது நடவடிக்கை தேவையில்லை. பதிவு செய்து கோப்புக் கட்டில் சேர்த்துவிடலாம். நான் இருந்த அரசு அலுவலகத்தில் அதற்கு 'லாட்ஜ் பண்ணுவது' என்று பெயர். பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜில் இடம் கிடைக்காது. மொட்டைக் கடுதாசிகளுக்கு என் மேசையில் எந்த நாளும் கிடைத்தது.

ஓய்வுபெற்ற பிறகு இந்த அறிவுக்கு ஒரு வேலை வந்தது. என் மகள் ஒரு சின்னக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஊர்க்காரர்கள் பெயர் போடாமல் பேசிக்கொள்ளும் செயலி ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, கிரிவலத்தன்று எந்த வழியில் ஆட்டோ விடுகிறார்கள் என்பது போன்ற பேச்சு. அதில் பெண்களுக்குத் தனிச்செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்கும் பொறுப்பு மகளுடையது.

"அப்பா, உங்க ஆபீஸ்ல மொட்டை லெட்டர் வந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் சொன்னேன்.

அவள் எடுத்துக்கொண்டது, வந்த கடிதங்களைப் போட்டுவைக்கும் தபால் தட்டை மட்டும். செயலியில் அப்படியொரு தட்டு வைத்தாள். முன்பின் தெரியாதவரின் முதல் செய்தி அதில் காத்திருக்கும். பிரித்துப் பார்த்தது அனுப்பியவருக்குத் தெரியாது. பதில் வராமல் அடுத்ததை அனுப்ப முடியாது. கூடவே, கெட்ட வார்த்தைகளைப் பிடிக்க ஒரு வடிகட்டியும் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"புகார் வந்தா எதிராளிக்கு மெமோ போகணும். புகாருக்குள்ளான செய்தியோட நகல் வச்சு, விளக்கம் கேக்கணும். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது" என்றேன்.

"அவனுக்கு எதுக்குப்பா லெட்டரு? தூக்கிட்டா போச்சு."

"அதுக்குப் பேரு எதேச்சாதிகாரம்."

கம்பெனிக்காரர்களுக்கு என் யோசனை பிடித்துப்போயிற்று. நாகரிகமாக இருக்கிறதாம். வரும் விளக்கங்களைப் படிக்க ஆளில்லை என்றதும், சம்பளமில்லாமல் நானே உட்கார்ந்தேன்.

என் பிரிவில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் தினமும் காலையில் எங்கள் வராந்தாவுக்குப் பேப்பர் படிக்க வருவார். அவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஆப்புக்கே மெமோவா சார்? நீங்க ரிட்டயர் ஆனாலும் ஆப்பு வைக்கிறதை விடலையே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் மாடியில் ஒரு பள்ளி ஆசிரியை வாடகைக்கு இருந்தார். கணவர் வெளிநாட்டில் இருக்க, ஏழு வயதுப் பெண் குழந்தையோடு தனியாக இருந்தார். ஒரு மாலை கீழே வந்து போனை என்னிடம் நீட்டினார். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அந்தச் செயலியில் தெருப் பெயரோடு எழுதியிருக்கிறார். அதற்கு வந்த பதில் என்று நினைத்துத் தட்டைத் திறந்திருக்கிறார்.

'இன்னைக்குப் பச்சைப் புடவை அவ்வளவா எடுக்கல.'

வேறொரு பெயரில் அடுத்தது: 'மழை வருது. கொடியில பாப்பா யூனிஃபார்ம் நனையுது.'

இன்னொரு பெயரில்: 'பாப்பா இருமல் கம்மியாச்சா?'

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. வடிகட்டி என்ன செய்யும்? ஒரு பெயருக்கு ஒரு செய்திதான் என்றால், பெயரில்லாதவனுக்குப் பெயருக்கா பஞ்சம்?

"இருமல் சமாச்சாரம் வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும் சார்" என்றார். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

"புகார் பட்டனை அழுத்துங்க. முறைப்படி மெமோ போகும்" என்றேன்.

போயிற்று. மறுநாளே அவருக்கு இன்னொரு செய்தி வந்தது: 'மெமோ கிடைச்சுது டீச்சர். பதில் போட்டுட்டேன்.'

அதற்குப் பிறகு மாடியில் சன்னல் திறக்கவில்லை. கொடியில் துணி இல்லை. குழந்தை வாசலில் விளையாட வருவதும் நின்றது.

பதில் என் திரைக்கு வந்திருந்தது. பொருள், பார்வை என்று தலைப்புகள், பத்தி பிரித்த அழகு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. முதல் வரி: 'மேற்கண் பொருள் தொடர்பாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...'

அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. 'மேற்காண்' என்பதுதான் சரி. பல ஆண்டுகளுக்கு முன்பு என் கையெழுத்தோடு போன ஒரு சுற்றறிக்கையில் துணைக்கால் விழுந்து 'மேற்கண்' ஆகிவிட்டது. ஒருவர் சுட்டிக்காட்டினார். நான் தவற்றை ஒப்புக்கொள்கிற ஆளில்லை. இலக்கணத்தை வளைத்து அதுவும் சரிதான் என்று நிறுவினேன். அன்றிலிருந்து என் பிரிவு மட்டும் அப்படியே எழுதியது. மாவட்டத்தில் வேறு எவரும் எழுதவில்லை. அந்தப் பிரிவில் இன்று மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் கீழ்பென்னாத்தூரில் மகன் வீட்டில் படுத்த படுக்கை; போனைத் தூக்கவும் முடியாது.

மேற்கண். மேலே பார்க்கும் கண். வராந்தாவில் நண்பர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பேப்பரைச் சற்றே இறக்கினால் மாடிப்படியும் கொடியும் தெரிந்தன. குழந்தையின் இருமலைப் பற்றி அவரிடம் சொன்னது நான்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல் வந்தார். பேப்பரைப் பிரித்தபடியே, "மாடியில அரவமே காணோமே, டீச்சரம்மா ஊருக்குப் போய்ட்டாங்களா சார்?" என்றார்.

"தெரியலையே" என்றேன்.

மகளிடம் சொன்னேன். அன்றே செயலியிலிருந்து மெமோவை எடுத்துவிட்டாள். ஆசிரியையிடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதுவதற்கில்லை. மூவருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். புகாரில் ஆசிரியை கையெழுத்திட்டார். அனுப்பியவர் நண்பர்தான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு நான் தனியே ஒரு வாக்குமூலம் எழுதினேன். அந்தத் துணைக்கால் விழுந்தது என் தவறு என்று முதல் முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டது அதில்தான்.

உதவி ஆய்வாளர் அம்மையார் இரண்டு முறை படித்தார். "ஒரு எழுத்தை வச்சு ஆளைத் தூக்க முடியாதுங்க சார். கம்பெனிக்கு எழுதிக் கேக்கறோம். அவருக்கும் நோட்டீஸ் குடுத்துடறோம், புகார் நகலோட. விளக்கம் சொல்லட்டும்."

"நோட்டீஸ் வேணாங்க" என்றேன்.

"கேக்காம எப்படிங்க? நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாத ப்ரொசீஜரா?"

"அந்த நகல்ல என் கையெழுத்து இருக்குமா?" என்று ஆசிரியை கேட்டார்.

"இருக்கும்மா. முகவரியும் இருக்கும்."

"எப்ப போய்ச் சேரும்?"

"பக்கத்துத் தெருதானே. இன்னைக்கே."

ஆசிரியை எழுந்து, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர நேராக ஆட்டோ பிடித்தார். மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை.