காந்த ஹெல்மெட்டும் ஹவில்தாரும்

ஊரில் ஆளாளுக்கு அடுத்தவன் மூளையைக் குழப்பிச் சம்பாதிக்கிறார்கள்; நான் காந்த மெஷினால் தட்டிச் சம்பாதிக்கிறேன். புனேயில் ஒரு கிளினிக்கில், போர்முனையில் மனசு அடிபட்டு வந்த பட்டாளத்துக்காரர்களைச் சிகரெட்டை விடவைக்கிற வேலை. வீட்டில் ஒரு புகைவண்டியோடு குடித்தனம் நடத்துகிற புண்ணியவதிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பெட்டிக்கடையில் போன மானம்

இந்த வைத்தியத்தில் ஒரு கூத்து உண்டு. முதலில் சிகரெட்டைக் கையில் கொடுத்து, உருட்டவிட்டு, மோந்து பார்க்கவிட்டு, ஆசையை நன்றாகக் கிளப்ப வேண்டும். பற்றவைக்கக் கூடாது. எச்சில் ஊறும் நேரம் பார்த்து, தலையில் மாட்டிய காந்த ஹெல்மெட் மெஷினைப் போட்டு அந்த ஆசையைத் தட்டி அடக்க வேண்டும். சிகரெட் வாங்கி வருவது என் தலையில். சேலையும் பூவுமாக அடிக்கடி போய் நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? ஒருநாள் பாக்கெட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்தியில் ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "விட்டுடுங்க மேடம். எதிர்லயே கிளினிக் இருக்கு, தலையில மெஷின் வச்சு நிறுத்திடுறாங்களாம்."

தரையில் ஒரு பாடம்

ஹவில்தார் துரைராஜ் வேலூர்க்காரர். ரிட்டயராகி, இங்கே புனே பக்கம் போசரியில் செக்யூரிட்டி வேலை. எல்லையில் கூட நின்ற சிநேகிதன் கண்ணிவெடியில் போனதிலிருந்து தூக்கம் கிடையாது, சிகரெட்தான். மனைவி சரோஜா அக்காவுக்கு ஆஸ்துமா. இந்தப் புகையில் இருந்தால் செத்தே போவேன் என்று சாங்வியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புகை நின்றால்தான் திரும்புவாராம். மனுஷன் அதற்காகத்தான் எங்களிடம் வந்தார்.

மெஷின் படபடவென்று சத்தம் போடும் என்று முன்கூட்டியே சொல்லி, காதையும் அடைத்துவிட்டேன். என்ன சொல்லி என்ன! முதல் சத்தத்திலேயே ஹெல்மெட்டை உதறி, என் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் குப்புறப் போட்டுவிட்டார். தானும் பக்கத்தில் படுத்து, நடுங்கிக்கொண்டே சொன்னார்: "தலையைத் தூக்காதீங்க மேடம். நான் சொல்றப்ப எந்திரிங்க."

பாதி யாருக்கு?

அதற்கப்புறமும் விடாமல் வந்தார். எல்லாம் குறைந்தது, காலையில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் சரோஜா அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார், சோதனை போட. நான் சிகரெட்டை நீட்டினேன். ஹவில்தார் வழக்கம்போல் இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியை நாற்காலிக் கையில் வைத்தார். பட்டாளத்துக் கோணங்கித்தனம் என்று நான் விட்டிருந்தேன். அக்கா விடவில்லை, அந்தப் பாதி யாருக்கு என்று பிடித்துக்கொண்டார்.

ஹவில்தார் தலையைக் குனிந்துகொண்டார். காவலில் நிற்கும்போது அவரும் சிநேகிதன் ஷிண்டேவும் ஒரே சிகரெட்டைப் பாதி பாதி குடிப்பார்களாம். ஷிண்டே போன பிறகும் தினமும் காலையில் அவன் பாதியைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைக்கிறாராம். தான் நிறுத்திவிடலாம், அவனை எப்படித் தனியாக விடுவது என்று அழுதுவிட்டார். அக்கா கிழிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது இதுதான்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? அந்த அண்ணனுக்கும் சேர்த்து ஒரு டீ போட்டிருப்பேனே."

மெஷினின் மகிமையோ மனைவியின் மகிமையோ, இப்போது அந்த வீட்டில் புகை இல்லை, அக்கா இருக்கிறார், மூன்றாவது டம்ளரில் ஆறிப்போகிற டீயை யார் குடிப்பது என்பதில்தான் தினமும் சண்டை.