நிற்காத மிஷினும் மாமியின் அருகம்புல்லும்

நைலான் கயிறு புல்லை வெட்டும் என்பதை நான் நம்பவில்லை. முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குப் புல் வெட்டும் மிஷின் வந்து இறங்கிய அன்று அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். நீளமான குழாய், அதன் ஒரு முனையில் குட்டி எஞ்சின், மறு முனையில் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. உருண்டையின் இரண்டு பக்கமும் பச்சைக் கயிறு மீசை மாதிரி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தியைக் காணோம். கடைக்காரன் கத்தியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிட்டான் என்று சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதியவன் நான்தான். இதை வைத்துப் புல்லுக்கு விசிறி வேண்டுமானால் விடலாம் என்றும் எழுதினேன். நிறையப் பேர் சிரித்தார்கள். ஐம்பது தாண்டிய மனிதனுக்கு வாழ்க்கையில் அதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் தோட்டக்காரர் அதைத் தோளில் மாட்டி, இழுத்து ஸ்டார்ட் செய்தார். மீசை மறைந்துபோனது. உருண்டையைச் சுற்றிக் காற்றில் ஒரு மங்கலான வட்டம் மட்டும் தெரிந்தது. அந்த வட்டம் போன இடத்தில் முழங்கால் உயரப் புல் அப்படியே இல்லாமல் போனது. சாயவில்லை, விழவில்லை, இல்லாமல் போனது. பச்சைத் தூறலாகக் காற்றில் பறந்து என் கண்ணாடியில் வந்து ஒட்டியது. நிற்கும்போது துணி காயப்போடக்கூட உதவாத கயிறு, சுற்றும்போது கத்தியாகிவிடுகிறது. வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன் போல, வாய்க்குள்ளும் கொஞ்சம் புல் போனது. வாட்ஸ்அப்பில் எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தால் நேரம் கடந்துவிட்டிருந்தது.

ஆனால் அந்த மிஷினின் குணம் அன்றைக்கே முழுதாகத் தெரிந்துவிடவில்லை. மழைக்காலத்தில் மட்டும் வேலை, மற்ற மாதமெல்லாம் பம்ப் அறையில் தூக்கம். தூங்கி எழுந்தால் அதற்கு ஒரு நோய் வந்திருக்கும். போன வருஷத்துப் பெட்ரோல் டாங்கில் கிடந்து பிசினாகி, கார்புரேட்டரை அடைத்திருக்கும். பிளக்கில் கரி ஏறியிருக்கும். கயிறு உருண்டைக்குள்ளேயே ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டு வெளியே வராது. ஒரு பக்கக் கயிறு நீளம், மறு பக்கம் குட்டை என்றால் மிஷின் உதறுகிற உதறலில் வைத்திருப்பவனின் பல் ஆடும். இத்தனையையும் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான்தான் சரிசெய்வான். பழைய பெட்ரோலை வெளியே கொட்டிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் தலையாட்டுவோம்.

இந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் தோட்டக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மழை பெய்து புல் இடுப்பளவு நின்றது. பந்தல் போட ஆள் வரும்முன் யாராவது வெட்ட வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "குடுங்க, எனக்கும் வீட்ல வேலை ஒண்ணும் இல்ல" என்று ஒரு ஜோக் அடித்தேன். அதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

தோட்டத்தின் கிழக்கு மூலையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே தரைத்தள வீட்டு மாமி வளர்க்கும் அருகம்புல் இருக்கிறது. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் அந்தப் புல்லில்தான் அவர் வீட்டுப் பிள்ளையாருக்கு மாலை. இந்த வருஷம் அது வெறும் மாலை இல்லை. நெருளில் இருக்கும் அவர் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் பிரசவம் நெருங்கியிருந்தது. தன் கையால் வளர்த்த புல்லில் மாலை கட்டிச் சாத்துவதாக மாமி வேண்டிக்கொண்டிருந்தார். கடைப்புல் ஆகாது. பிள்ளையாரிடம் நேரில் சத்தியம் செய்துகொடுத்தவர் மாதிரி, மழை நாளில்கூடக் குடையோடு வந்து அந்தப் புல்லில் களை எடுப்பார். சதுர்த்திக்கு முதல் நாள் காலை, மிஷினோடு என்னைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வந்து, "அந்த மூலைப் பக்கம் மட்டும் வந்துடாதீங்கோ, சாயங்காலம் பறிக்கணும்" என்றார். மாமி, உயிரே போனாலும் வரமாட்டேன் என்று சொன்னேன். அதை ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாம் அழகாகப் போனது. வாசலிலிருந்து ஒரு நீளப் பட்டையாக வெட்டிக்கொண்டு போனேன். என் கையில் இடி மின்னல் மாட்டியிருப்பது போல இருந்தது. இடதுபக்கம் கையை அசைத்தால் இடதுபக்கம் காடு இல்லை. வலதுபக்கம் அசைத்தால் வலதுபக்கம் இல்லை. கடவுளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. நான்காவது மாடியில் என் மனைவி பார்க்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அப்போது வாட்ச்மேன் வந்து, பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கைகாட்டினார். ஆக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் விடவில்லை. மழை ஈரத்தில் ஆக்சிலேட்டர் வயர் துருப்பிடித்து அப்படியே முழு வேகத்தில் சிக்கிக்கொண்டது. சரி என்று சிவப்பு சுவிட்சை அமுக்கினேன். திரும்ப அமுக்கினேன். மேலும் கீழுமாக லிஃப்ட் பொத்தானைக் குத்துவதுபோலக் குத்தினேன். சுவிட்சின் வயர் உள்ளே கழன்று கிடந்ததாம், அது பிறகு தெரிந்தது.

இந்த இடத்தில் அறிவுள்ள மனிதன் என்ன செய்வான் என்று என் மச்சான் அன்றிரவு போனில் கேட்டான். அவன் கேட்டது அப்படியே: "மாப்ள, சோக்க அடைச்சு காத்து போவாம பண்ணியிருந்தா மூச்சு முட்டி தானா நின்னுருக்கும்லா? பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே. நீரு எதுக்கு அதத் தூக்கிட்டு ஓடுனீரு?"

ஓடியது உண்மைதான். கீழே வைத்தால் அது தானே துள்ளிக்கொண்டு பந்தல்காரர்களின் காலை நோக்கிப் போகும் என்று எனக்குத் தோன்றியது. தோள் வாரின் கொக்கியைக் கழற்றினால் என் காலை நோக்கி வரும். இந்தப் பக்கம் வரிசையாகக் கார்கள். அந்தப் பக்கம் மூங்கிலும் மனிதர்களும். காலியாக இருந்தது தோட்டம் மட்டும். வாட்ச்மேன் பின்னாலேயே வந்து "பந்த் கரோ சாப், பந்த் கரோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்துவது என் திட்டத்தில் இல்லாதது மாதிரி.

வேலி ஓரமாகத் திரும்பும்போது படார் என்று ஒரு சத்தம். கம்பிவேலியில் உருண்டை உரசிவிட்டது. அதன் பிறகு எஞ்சினின் குரலே மாறியது. அதுவரை உறுமிக்கொண்டிருந்தது வீறிட ஆரம்பித்தது. அதற்கு என் மேல் கோபம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல்கூடக் கொள்ளாத டாங்க், என் டிபன் டப்பா அளவு எஞ்சின், அதற்குள் இவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வந்தது? பயத்துக்கு நடுவிலும் அதை வியந்தேன் என்றால் நம்புவீர்களா? கை மரத்துப்போனது. தோள்பட்டையை வார் அறுத்தது. கோயில் யானையைக் குழந்தை பிடித்துக்கொண்டு போவதுபோல, நான் அதைப் பிடித்திருக்கிறேன் என்று வெளியே தெரிந்தது. உண்மையில் அதுதான் என்னைக் கொண்டுபோனது.

கிழக்கு மூலைக்குக் கொண்டுபோனது.

என் காலடியில் அருகம்புல்லைப் பார்த்தேன். மெல்லிய, வெளிர்பச்சை நுனிகள், மழைத்துளியோடு. அதன் மேலேயே உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் போகலாமென்றால் வாட்ச்மேன் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் மாமி தெரிந்தார், நெருளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் தெரிந்தாள், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றேனா, சுற்றினேனா, தெரியாது. பெட்ரோல் தீர்ந்து மிஷின் இருமி, இழுத்து, அடங்கியது.

திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. மிஷினை வாட்ச்மேன் கையில் திணித்துவிட்டு அப்படியே மாட்டுங்காவுக்குப் பஸ் ஏறினேன். தலையெல்லாம் புல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பஸ்ஸில் வைத்து ஒரு திட்டம் போட்டேன். மார்க்கெட்டில் அருகம்புல் வாங்க வேண்டும். மாமி பறிக்க வருவதற்குள் ஒவ்வொன்றாக மண்ணில் குத்தி வைத்துவிட வேண்டும். வேண்டுதலில் பிள்ளையாரை ஏமாற்றுகிறோமே என்று தோன்றத்தான் செய்தது. பிள்ளையார் மன்னிப்பார், மாமி மன்னிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

மாட்டுங்காவில் அன்றைக்கு ஊரே நின்றது. எருக்கம்பூ மாலைக்கும் வாழைக்கன்றுக்கும் நடுவில் நெருக்கித் தள்ளி, கட்டுக்கட்டாக அருகம்புல் வாங்கினேன். வேரோடு இருக்கிறதா என்று கேட்டேன். பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நடவா போறீரு?" என்றார். கட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

திரும்பி வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் நுழையும்போதே தெரிந்துவிட்டது, தாமதம். கிழக்கு மூலையில் மாமி சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. என் கையிலிருந்த பையைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"இது என்ன, மாட்டுங்கா வரைக்கும் போய்ப் புல்லு வாங்கிண்டு வந்திருக்கேள்? இங்கேயே கேட்டா தரமாட்டேனா?"

மாமி, காலையில் நான், மிஷின், என்று ஏதோ உளறினேன்.

"பார்த்தேனே. மிஷினைத் தூக்கிண்டு கண்ணை மூடிண்டு பிரதட்சிணம் பண்ணிண்டிருந்தேள். நீங்களும் ஏதோ வேண்டுதலாக்கும்னு உள்ளே போயிட்டேன்."

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். அருகம்புல் அப்படியே இருந்தது. ஒரு நுனிகூடக் குறையவில்லை. மாமியின் விரல்கள் மூன்றிலை நுனியாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி, தட்டில் ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தன. தட்டு பாதி நிறைந்திருந்தது. நான் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். புல்லைத் தொட்டுப் பார்த்தேன். இது என்ன அதிசயம், பிள்ளையார் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாரா? கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பம்ப் அறைக்குப் போய் மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். உருண்டையில் மீசை இல்லை. வேலிக்குப் போனேன். கம்பியில் இரண்டு பச்சைத் துண்டுகள் சுருண்டு தொங்கின. திரும்பும்போது கேட்ட அந்தப் படார் சத்தத்தில் கயிறு இரண்டு பக்கமும் அறுந்துவிட்டது. மிச்சக் கயிறு வழக்கம்போல உருண்டைக்குள் உருகி ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. சுழற்றக் கயிறு இல்லாமல் பாரம் குறைந்ததால்தான் எஞ்சின் அப்படி வீறிட்டிருக்கிறது. அதற்கப்புறம் பெட்ரோல் தீரும்வரை நான் தோட்டம் முழுக்கச் சுற்றியது கயிறே இல்லாத மிஷினோடு.