இன்ஸ்டால் கேட்காத தாமரைச்செல்வி

லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் தாமரைச்செல்விக்கு ஒப்பந்த வேலை. பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் பிடித்து, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பாள். ஐந்து வரி வேலையைக்கூட 'கோ' என்கிற கணினி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது தானே ஓடுகிற ஒரு ஃபைலாக மாற்றித்தான் ஓட்டுவாள். நான் பைத்தான் மொழிக்காரன், எழுதியதை அப்படியே ஓட்டிவிடுவேன். சும்மா இருப்பேனா?

"கொத்தமல்லி வாங்க லாரி எடுத்துட்டுப் போறியேம்மா!"

"தப்பு இருந்தா கம்பைல் பண்றப்பவே திட்டிடும் சார். நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காது."

கண்காணிப்பாளர் ஜானகிராமன் சாருக்கும் அவள்மேல் எரிச்சல்தான். சின்ன வேலையை இழுக்கிறாள் என்று, அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தார். ஒப்பந்தம் முடியும் நாளும் வந்தது. அவள் சம்பளத்தில்தான் பிள்ளைச்சாவடி வீடே ஓடியது.

அன்றைக்கென்று பார்த்துக் கொட்டியது மழை. கீழ்த்தளத்தில் ஆறு அறைகளில் முழங்கால் தண்ணீர். பத்து மணிக்குத் தேர்வு, அப்போதே எட்டே முக்கால். தொள்ளாயிரம் பேருக்கும் புதிதாக இடம் ஒதுக்க வேண்டும். ஒரே பாடம் எழுதுகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பைத்தான் புரோகிராமை, மாணவர் பட்டியல் இருக்கும் பூட்டறைக் கணினியில் போட்டேன். ஓடவில்லை. அதில் பைத்தானே கிடையாது. தேர்வு நாளில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்த அறையைத் திறப்போம், எதையும் இன்ஸ்டால் செய்யவும் கூடாது. அந்த விதியை டைப் செய்து சுவரில் ஒட்டிய புண்ணியவானே நான்தான்!

"கையாலயே எழுதிடலாமாய்யா?" என்றார் ஜானகிராமன் சார்.

"தொள்ளாயிரம் பேரு சார்!"

"நவுருங்க சார்" என்று தாமரைச்செல்வி தன் பென்டிரைவைச் செருகினாள். இடம் ஒதுக்க அவள் முன்பே எழுதிவைத்திருந்த ஒரே ஒரு ஃபைல். ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் கம்பைல் செய்தபோதே அதற்குள் போய்விட்டது. அறைப் பட்டியலில் ஆறு அறைகளை அழித்து, மாடியிலிருந்த லேப்களைச் சேர்த்து, எண்டர் தட்டினாள். நான் வாயை மூடுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பிரிண்டருக்குத்தான் மூச்சு வாங்கியது.

பத்து மணி அடித்தபோது ஒரு பிள்ளைகூட இடமில்லாமல் நிற்கவில்லை. அடேங்கப்பா! எனக்குப் பொறாமையும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது, சந்தோஷம்தான் ஒரு பிடி அதிகம். வெட்கத்தை விட்டுக் கைதட்டினேன்.

ஜானகிராமன் சார் அந்தத் தாளைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "ஒரு வருஷம் போட்டுருக்கேம்மா."

அவள் கை நீட்டவில்லை.

"மூணு வருஷமா போடுங்க சார். இங்கயே நிக்கிறேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.